பறக்கும் முன் ஒரு சுற்று

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று முதல் வகுப்பு. பறக்கவில்லை. விமானத்தைச் சுற்றி நடந்ததோடு சரி.

பல்லடம் தாண்டி இருக்கும் இந்தப் பயிற்சிக் கழகத்துக்கு இத்தனை வருடங்களாக அவருடைய மனைவியாக வந்து, அவர் விமானம் ஓட்டிவிட்டு இறங்கும் வரை பிளாஸ்க்கும் முறுக்கு டப்பாவுமாக நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று மாணவியாக வந்தேன். சொல்லிக்கொடுக்கிற கேப்டன் ஜோஸ்லின் நாகர்கோவில்காரப் பெண். என் கல்லூரி மாணவிகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். அவள் என்னை மேடம் என்கிறாள், நான் அவளைக் கேப்டன் என்கிறேன், இரண்டு பேருக்கும் கூச்சம்.

எங்கள் கழக விமானத்தில் நான்கு பேர் உட்காரலாம். பதிவெழுத்தின் கடைசியில் 'கே' இருப்பதால், விமானிகளின் வழக்கப்படி எல்லாரும் கிலோ என்று கூப்பிடுகிறார்கள். கிளம்பும் முன் அதை மூக்கிலிருந்து வால் வரை ஒரு சுற்று பார்க்க வேண்டும். டயர், பிரேக், ஆயில், இறக்கையின் கீல்கள். எனக்குப் பிடித்தது பெட்ரோல் சோதனை. இறக்கைக்கு அடியில் உள்ள வால்வை அழுத்தி, ஒளி ஊடுருவும் குழாயில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. விமான பெட்ரோல் வெளிர் நீலம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். வேதியியல் பாடம் நடத்துகிறவளுக்கு இது விளையாட்டு.

"இந்த வயசுல எதுக்கு மேடம் பறக்க வந்திய?" என்று ஜோஸ்லின் கேட்டாள். ஆசை என்றேன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு அவருடன் பறந்தபோது, இறங்குவதற்குச் சற்று முன்பு, அவர் கை கொஞ்ச நேரம் சும்மா நின்றது. எதைப் பிடிக்க வேண்டும் என்று தேடுவதுபோல. வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

ஆகஸ்ட் 7, புதன்

காபியில் சர்க்கரை இல்லை. காலைக் காபி எப்போதும் அவர் கைதான். நான் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டேன். விடைத்தாள்கள் இன்னும் ஒரு கட்டு பாக்கி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று ஓட்டைகளைப் பற்றிய பாடம்.

இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் ஒன்று, எதிரே வரும் காற்றை வாங்கி வேகத்தைச் சொல்லும். அதில் குளவி கூடு கட்டும், அதனால் நிற்கும்போது உறை போட்டு வைக்கிறார்கள். இன்னொன்று மூக்கின் இடது பக்கம், நாணயம் அளவுக்கு வட்டமான உலோகத் தகடு, நடுவில் நுணுக்கமான துளை. ஸ்டாடிக் போர்ட். வெளிக்காற்றின் அழுத்தம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. உயரமானி அதை நம்பித்தான் வேலை செய்கிறது.

"இது அடைச்சுக்கிட்டா என்ன ஆகும் கேப்டன்?"

"நீங்க மேல ஏறிட்டே இருப்பிய. முள்ளு தரையிலயே நிக்கும். வேகமும் தப்பாக் காட்டும். மெசின் கெட்டுப்போகல பாத்துக்கிடுங்க. அதுக்குத் தெரிஞ்சதத்தான் அது சொல்லுது. பொய்னு தெரியாமலே பொய் சொல்லுது."

அந்த வரியைக் குறிப்பேட்டில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். காலையில் சாப்பிடாமல் வந்தால் இப்படித்தான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பீளமேட்டில் இருக்கும் பட்டறையிலிருந்து அவர் வீடு வரத் தாமதமானது. பம்பு உதிரிபாகம் செய்யும் அந்தப் பட்டறைக்கு அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே சாலையில்தான் போய்வருகிறார். போன் செய்தேன், எடுக்கவில்லை. வந்ததும் "புது பாலம் வேலை நடக்குது, சுத்தி வந்தேன்" என்றார். அந்தச் சாலையில் நான் காலையில்தான் போனேன்.

பாலம் வேலை மதியம் தொடங்கியிருக்கலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அவருடன் பறந்தேன். நான் பக்கத்து இருக்கையில், மடியில் என் பாடப் புத்தகம். மழை விட்ட மறுநாள், கீழே தென்னந்தோப்புகள் கழுவி வைத்ததுபோல இருந்தன. அவர் மேலே போனால் முகம் மாறிவிடும், இளமையாகிவிடும் என்றுகூடச் சொல்லலாம். இன்றும் அப்படித்தான் இருந்தார். சீழ்க்கை அடித்துக்கொண்டே ஓட்டினார்.

திரும்பி இறங்கும்போது ஓடுபாதையின் கிழக்கு முனையிலிருந்து வரத் தொடங்கினார். காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. காற்றுக்கு எதிராகத்தான் இறங்க வேண்டும் என்பது எனக்கே தெரியும்.

"ஏனுங்க, காத்து எந்தப் பக்கமுங்க?" என்று சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டேன்.

கீழே கம்பத்தில் திசை காட்டும் காற்றுப் பையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு சிரித்தார். "பார்றா, டீச்சரம்மா எனக்கே பரீச்ச வெக்கறா! நீ கவனிக்கறயான்னு பாத்தேன் புள்ள." மேலே ஏறி, சுற்றி வந்து, மேற்கிலிருந்து அழகாக இறக்கினார். சக்கரம் தொட்டது தெரியவில்லை.

என்னைச் சோதித்திருக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரவு துணி மடிக்கும்போது பார்த்தேன், என் புத்தகத்தின் அட்டையில் நகம் பதிந்த தடம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

"இன்னிக்கு கிலோவத் தொட வேண்டாம் மேடம். இன்னிக்கு உங்களச் சுத்திப் பாக்கணும்" என்றாள் ஜோஸ்லின்.

உடம்பு சரியா, மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, மனதில் பாரம் உண்டா, குடித்தீர்களா, தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் அன்றைக்குப் பறக்கக் கூடாது.

"தூங்கினியளா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னு ஒரு பதில் இல்ல மேடம். தூங்குனியளா இல்லியா?"

இல்லை என்றேன். அவள் கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்து வகுப்பை அங்கேயே முடித்துவிட்டாள். டீ குடிக்கும்போது பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஓட்டறவங்களுக்கே தனக்கு ஒடம்பு சரியில்லைன்னு தெரியலீன்னா?"

ஜோஸ்லின் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ பக்கத்துல இருக்கியவங்கதான் சொல்லணும்."

அதன் பிறகு மேகங்களைப் பற்றிப் பேசினோம்.

செப்டம்பர் 21, சனி

பெங்களூரிலிருந்து மகள் தாரிணி போன் செய்தாள். பூஜை விடுமுறைக்கு வருகிறாள். "விஜயதசமியன்னைக்கு அப்பாவோட பறக்கறேன். வீடியோ எடுத்து என் ஃபிரெண்ட்ஸுக்கெல்லாம் காட்டணும்." அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "வா அம்முணி, வா. ஆழியாறு டேம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்."

போனை வைத்ததும் வெகுநேரம் சிரித்த முகமாக இருந்தார். அவர் அப்படி இருந்து நாளாயிற்று. நான் இட்லிக்கு அரைக்கப் போனேன். உளுந்து ஊறவே போட்டிருக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன். கண்ணாடி போட்டு நாளாச்சு, ஒரு தடவை டாக்டரிடம் காட்டலாமா என்று. கண் என்றுதான் சொன்னேன்.

"எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. வயசானா எல்லாரும்தான் பாக்கறாங்க."

"எத்தன நாளா என்னய வேவு பாக்கறே?"

"ஏனுங்க இப்படிப் பேசறீங்க?"

"நான் சாவி எடுத்தா பாக்கறே. சட்டப் பட்டன் போட்டா பாக்கறே. நடந்தா பின்னால வர்றே. மாடு வாங்க வந்தவன் பல்லப் பாக்கற மாதிரி." தட்டை விட்டு எழுந்து போனார். மோர்க்குழம்பு அவருக்காகத்தான் வைத்தேன்.

அவர் சொன்னது சரிதான், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கார் கேட்டுக்குள் நுழையும் சத்தம், செருப்பை எங்கே விடுகிறார், என்னைக் கூப்பிடும் முன் எவ்வளவு நேரம் எடுக்கிறார். விமானத்தில் இதற்குச் சோதனை என்று நல்ல பெயர் இருக்கிறது. வீட்டில் இதற்கு வேவு என்று பெயர்.

அக்டோபர் 10, வியாழன்

தாரிணி வந்துவிட்டாள். தலைமுடியைக் காது வரை வெட்டியிருக்கிறாள். அப்பாவும் மகளும் மொட்டைமாடியில் நின்று மேகம் பார்க்கிறார்கள். நான் கொண்டைக்கடலை ஊறப்போட்டேன்.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை மாடிப்படி வரை போனேன். என்னவென்று சொல்வது? காபியில் சர்க்கரை போடவில்லை என்றா?

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

பட்டறையில் காலையிலேயே பூஜை முடிந்தது. மாலை கழகத்தில். கிலோவைக் கழுவித் துடைத்து, மூக்கில் சாமந்தி மாலை போட்டு, கொட்டகை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பொரியும் சுண்டலும் பெரிய அண்டாவில்.

இந்தக் கழகத்தில் சந்தனம் வைப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அதை ஏற்படுத்தியதே அவர்தான். மூக்கில் சுழலும் விசிறியின் நடுக்குமிழில் ஒரு பொட்டு, மூன்று டயர்களுக்கு மூன்று. வேறெங்கும் கூடாது. போன வருடம் மெக்கானிக் நஞ்சப்பன் ஆர்வக்கோளாறில் ஸ்டாடிக் போர்ட் மேலேயே பொட்டு வைத்துவிட்டார். வட்டமாக, பளபளவென்று, பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோலத்தான் அது இருக்கும். அன்று இவர் கத்திய கத்தலில் பூசாரி மணி அடிப்பதை நிறுத்திவிட்டார்.

இன்று கிண்ணத்தை அவரே கையில் எடுத்தார். நடுக்குமிழில் வைத்தார். டயர்களில் வைத்தார். பிறகு இடது பக்கம் வந்து, அந்தத் தகட்டைப் பார்த்து, கட்டைவிரலால் சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் அழுத்தி வைத்தார். அதற்கு மேல் குங்குமம்.

"சார், அங்கீங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"பூசைன்னா தாராளமா வெக்கோணும் நஞ்சப்பா. கஞ்சத்தனம் பண்ணாத."

எல்லாரும் சிரித்தார்கள். நஞ்சப்பன் என்னைப் பார்த்தார். நான் பொரியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, குளியலறைக்குள்ளிருந்து நஞ்சப்பனுக்குப் போன் செய்தேன். "அந்தப் பொட்டை இப்பவே எடுத்துருங்க நஞ்சப்பா."

"பூசையில வெச்சத காலையில ஒரு வட்டம் ஓட்டாம தொடைக்கறதில்லீங்களே மேடம். அந்த ஒண்ண மட்டும் கெளம்பறப்ப சாரே எடுத்துருவாருங்க. வெளையாட்டுக்கு வெச்சிருப்பாரு. அவருக்குத் தெரியாத ஓட்டையா?"

சரி என்று வைத்துவிட்டேன். இன்னொரு தடவை கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். ஜோஸ்லினிடம் சொல்லியிருக்கலாம். நாளை நானே துடைத்துவிடவும் முடியும், ஈரத்துணி போதும்.

நாளை காலை அவர் சுற்றி வரும்போது அதைப் பார்க்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

காற்றே இல்லாத காலை. கிலோ வெயிலில் நின்றது. தாரிணி அதற்குள் முன் இருக்கையில் ஏறி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போனில் தன்னையே படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னிருக்கை எனக்கு.

அவர் சுற்ற ஆரம்பித்தார். நான் பின்னாலேயே போனேன். குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, ஆயில் அளவு பார்த்தார். பெட்ரோலைக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினார். இறக்கையின் கீல்களை ஒவ்வொன்றாக அசைத்தார். எதிலும் அவசரமில்லை, எதையும் விடவில்லை. பரீட்சை என்றால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாளும் என் பயத்தை அவர்மேல் பூசிப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அந்த நிம்மதியில் கண்கூடக் கலங்கியது.

கடைசியாக மூக்கின் இடது பக்கம் வந்தார். சுட்டுவிரலைப் பொட்டின் மேல் வைத்தார். "ஸ்டாடிக் போர்ட் கிளியர்" என்றார். விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பேண்ட்டில் தேய்த்துவிட்டு நகர்ந்தார்.

"ஏனுங்க, அதை இன்னொருக்கா பாருங்க."

"எதை?"

"இதை."

திரும்பி வந்து குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "நேத்து நான் வெச்ச பொட்டு. காஞ்சும் எடுப்பா இருக்குதில்ல?"

"அதுக்குக் கீழ என்னங்க இருக்குது?"

"கீழ என்ன, ஏரோப்ளேன்தான் இருக்குது!" மகள் சிரிப்பாள் என்று உள்ளே பார்த்தார். அவளுக்குக் கேட்கவில்லை.

"இப்பத்தான பேரு சொன்னீங்க. ஸ்டாடிக் போர்ட்டுன்னு. அது எதுக்குங்க?"

"என்ன, இது உங்க காலேஜா? வைவா வெக்கறயா?"

"சும்மா சொல்லுங்க."

எத்தனையோ வாய்மொழித் தேர்வு நடத்தியிருக்கிறேன். படிக்காத பிள்ளைகள் கூரையைப் பார்ப்பார்கள். படித்ததைத் தொலைத்துவிட்ட பிள்ளைகள் தங்கள் கையைப் பார்ப்பார்கள். அவர் தன் கையைப் பார்த்தார்.

தாரிணி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தாள். "அம்மா, என்னம்மா டிராமா? பயமா இருந்தா நீ கீழயே இரு. நானும் அப்பாவும் போய்ட்டு வர்றோம்."

"எறங்கு அம்முணி."

"ஐயோ, அம்மா..."

"எறங்குடி!"

அவளை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. இறங்கி வந்து தன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். எனக்குப் பக்கத்தில் அல்ல.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "இருவது வருசமா ஓட்டறேன். நாலு பாடம் படிச்சுட்டு எனக்குச் சொல்லித் தர்றயா நீ? மக முன்னால அசிங்கப்படுத்தறயா? ஏறு ரெண்டு பேரும்."

அவர் குரல் உயர்ந்தால் நான் அடங்கிப் போவதுதான் வழக்கம். இன்றும் கால் தானாக ஒரு அடி பின்னால் போயிற்று. பிறகு நகத்தால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டினேன். செதில் செதிலாக வந்தது. தகட்டின் நடுவே துளை தெரிந்தது, உள்ளே மஞ்சளாக அடைத்துக்கொண்டு.

"காத்து போற வழிங்க இது. இது அடைச்சிருந்தா எவ்வளவு ஒசரம் போனாலும் தரையில இருக்கறதாத்தான் காட்டும். இதுல பொட்டு வெச்சதுக்குத்தானுங்க போன வருசம் நஞ்சப்பன அந்த வையி வஞ்சீங்க."

அவர் நஞ்சப்பனைப் பார்த்தார், அப்படி ஒன்று நடக்கவில்லை என்று அவராவது சொல்லட்டும் என்பதுபோல. தேங்காயும் கையுமாக நின்றிருந்த நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவ்வளவுதான். கோபம் அவர் முகத்திலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். அது இறங்கிய பிறகு அங்கே இருந்ததைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தாரிணி பார்த்துவிட்டாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஜோஸ்லின் அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். என்னிடம் தரவில்லை. அவளிடம் நீட்டினார்.

"இன்னிக்கு வேண்டாம் கேப்டன். காத்து சரியில்ல."

கம்பத்தில் காற்றுப் பை துவைத்துப் போட்ட காலுறை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. ஜோஸ்லின் அதை நிமிர்ந்து பார்த்தாள். சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஆமா சார். காத்து சரியில்லதான்."

அக்டோபர் 13, ஞாயிறு

அவர் என்னிடம் பேசவில்லை. பகலெல்லாம் படுத்திருந்தார்.

பாத்திரம் கழுவும்போது தாரிணி கேட்டாள். "எப்ப இருந்தும்மா?"

"ஜூலையில இருந்து." சொன்ன பிறகுதான் அது எனக்கும் கேட்டது.

"தெரிஞ்சுதான் செப்டம்பர்ல அப்பாகூடப் பறந்தியா?"

நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

தாரிணியே நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் தயாராக நின்றார். பட்டன்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். நான் கை வைக்கவில்லை. தாரிணி "அப்பா, இருங்கப்பா" என்று சரிசெய்துவிட்டு, பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு சாவியை இருக்கையில் வைத்துவிட்டு, மறுபக்கம் சுற்றி வந்து உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். அவிநாசி சாலையில் நெரிசல். நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"அங்க என்ன கேப்பாங்க?"

"பேரு, ஊரு. இன்னிக்கு என்ன தேதி, என்ன கிழமை. ஏதாச்சும் படம் வரையச் சொல்லுவாங்க."

சிக்னலில் நின்றோம். மகளுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார்.

"தேதிய மட்டும் சொல்லிரு புள்ள. போறதுக்குள்ள மனப்பாடம் பண்ணிக்கறேன்."

எனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கிழமையையும் சேர்த்துச் சொல்லி, இரண்டு தடவை ஒப்பிக்க வைத்து, அந்த டாக்டர் முன்னால் அவரைத் தலைநிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும்போல இருந்தது. பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"வேண்டாமுங்க. தெரியலீன்னா தெரியலீன்னே சொல்லுங்க. அவங்களுக்கு அதுதான் தெரியோணும்."

ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, அழுகையா, எனக்குத் தெரியவில்லை. சாலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பும்போது கேட்டார்.

"தேதி உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"அப்பப் போதும்" என்றார்.